எட்டயபுரத்தில் ஒரு பாரதி மாலை நடத்த

பாரதி பிறந்தநாளான டிசம்பர் 11 காலையில் எட்டயபுரம் பரபரப்பாக இருக்கும். அரசு சார்பில் மாலை அணிவிப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் முண்டாசு கட்டி வரிசையாக வருவார்கள், கட்சிக்காரர்கள் கொடியோடு வந்து போவார்கள். மதியத்துக்குள் எல்லாம் ஓய்ந்துவிடும். உருப்படியாக ஒரு நிகழ்ச்சி நடத்த நினைப்பவர்களுக்கு மிச்சமிருக்கும் மாலைதான் தோது. கவிதை வாசிக்கக் கேட்க வேண்டியவர்களும் அப்போதுதான் வேலை முடிந்து வருவார்கள்.

முதலில் ஒரு கணக்கு. நிகழ்ச்சி 2 மணி நேரம் என்றால் அதில் 90 நிமிடம் பாரதியின் சொற்கள் ஒலிக்க வேண்டும். வரவேற்பு, சிறப்புரை, சால்வை, நன்றி எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 நிமிடம். வழக்கமாக இது தலைகீழாக நடக்கும்: பாரதியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, நேரமாகிவிட்டது என்று பாட வந்த பெண்ணை ஒரு பாட்டோடு நிறுத்தச் சொல்வார்கள். இந்தக் கணக்கை அழைப்பிதழ் அடிக்கும் முன்பே தாளில் எழுதி, ஏற்பாட்டாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அழைப்பிதழில் பேச்சாளர் பெயர் ஏறிவிட்டால் பிறகு யாரையும் குறைக்க முடியாது.

இடமும் அனுமதியும்

எட்டயபுரத்தில் பாரதிக்கு இரண்டு இடங்கள். ஒன்று, 1882-இல் அவர் பிறந்த வீடு. இன்னொன்று, கல்கியின் முயற்சியால் மக்களிடம் நிதி திரட்டிக் கட்டப்பட்ட மணிமண்டபம். 1945-இல் அடிக்கல் நாட்டியவரும் 1947-இல் திறந்துவைத்தவரும் ராஜாஜி. வீடு தெருவீடு, கூட்டத்துக்கு ஆகாது. பார்ப்பதற்கு மட்டும், 15 பேர் கொண்ட குழுக்களாக அனுப்புங்கள். பழைய கட்டடம் என்பதால் பராமரிப்புப் பணி நடக்கிறதா, அன்று திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் மணிமண்டப வளாகத்தில்.

இரண்டும் அரசு நினைவிடங்கள். செய்தி மக்கள் தொடர்புத் துறையின் கீழ் வருவதால், தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் வழியாக மனு போகட்டும். 45 நாள் முன்பே கொடுங்கள். மனுவில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, பந்தல் உண்டா, உணவு பரிமாறுவது எங்கே, துப்புரவுக்கு யார் பொறுப்பு ஆகியவை தனித்தனி வரியாக இருக்கட்டும். ‘இலக்கிய நிகழ்ச்சி நடத்த அனுமதி வேண்டுகிறோம்’ என்று ஒற்றை வரி எழுதினால், இந்தக் கேள்விகளைக் கேட்டு மனு திரும்பி வரும். அதற்குள் இரண்டு வாரம் போய்விடும். கையில் வாங்கிய அனுமதிக் கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்தில் ஒலிபெருக்கிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுவதற்குமான விதி. நீங்கள் எட்டு மணிக்கே முடிக்கப்போகிறீர்கள் என்று மனுவில் எழுதினால் அங்கே பேச்சு சுருங்கும். பேரூராட்சிக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். குப்பை வண்டியும் தண்ணீர் லாரியும் அங்கிருந்துதான் வரவேண்டும்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தூணில் கம்பி கட்டக் கூடாது, தரையில் எண்ணெய் சிந்தக் கூடாது. பேனரைத் தனிச் சட்டத்தில் நிறுத்துங்கள். சிலைக்கு மாலை போடுவதானால் கம்பி சுற்றாத, நாரில் கட்டிய மாலையாகச் சொல்லிவையுங்கள்.

கரிசல் மண், கார்த்திகை மழை

டிசம்பர் இரண்டாம் வாரம் வடகிழக்குப் பருவமழை இன்னும் விட்டபாடில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழை 17, 18 தேதிகளில்தான் பெய்தது. ஆகவே கூரைக்குள் நடத்தும் மாற்றுத் திட்டம் இல்லாமல் திறந்தவெளி நிகழ்ச்சியை அறிவிக்காதீர்கள்.

வெளியூர்க்காரர்கள் கணக்கில் எடுக்காதது மண்ணை. இது கரிசல் பூமி. ஒரு தூறல் போட்டால் போதும், செருப்பின் அடியில் மண் அப்பி அப்பி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் கனத்த உடம்புக்காரர் உட்கார்ந்தால் பின்கால் இரண்டும் மெதுவாக மண்ணுக்குள் இறங்கி, அவர் கைதட்டும் நேரம் பார்த்து மல்லாக்கச் சாயும். மண் தரையில் உட்கார வைப்பதானால் முந்தின நாளே கிராவல் அல்லது ஆற்று மணலை 2 அங்குல கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் தேங்காய் நார் விரிப்பு போடுங்கள். இல்லாவிட்டால் நாற்காலி வரிசையின் கீழே நீளப் பலகை. பந்தல் முளைகளும் அப்படித்தான். காய்ந்த கரிசலில் இறுகப் பிடித்த முளை நனைந்ததும் விரலால் இழுத்தால் வரும். இரும்புக் கால்களை மணல் மூட்டையில் நிறுத்தச் சொல்லுங்கள்.

எதைப் படிப்பது, எந்த வரிசையில்

நிகழ்ச்சியின் உயிர் இதில் இருக்கிறது. பெரும்பாலான பாரதி விழாக்களில் ‘அச்சமில்லை’யில் தொடங்கி ‘ஜய பேரிகை’யில் முடியும் வரை ஒரே உச்சத்தொனி. அரை மணி நேரத்தில் காது சலித்துவிடும். பாரதியிடம் மெல்லிய குரல் உண்டு, கேலி உண்டு, கடன் கேட்கும் குரலும் உண்டு. எட்டயபுரத்தில் நடத்தும்போது அந்த ஊரோடு ஒட்டிய எழுத்துகளை எடுக்காவிட்டால் அங்கே போய் நடத்துவதில் என்ன இருக்கிறது?

தொடக்கம் வெளியில், சூரியன் விழும்போது. டிசம்பர் 11-இல் அந்தப் பகுதியில் சூரியன் மறைவது மாலை 6 மணியையொட்டி. பாஞ்சாலி சபதத்தில் அர்ச்சுனன் பாஞ்சாலிக்கு அந்தி வானத்தைக் காட்டும் பகுதி இருக்கிறது: ‘பார், சுடர்ப்பரிதியைச் சூழவே படர்முகில் / எத்தனை தீப்பட் டெரிவன!’ மேற்கு வானம் மறையாமல் தெரியும் இடமாகப் பார்த்து, சரியாக 5.45-க்கு ஒருவர் மைக் இல்லாமல் இதைப் படிக்கட்டும். கேட்பவர்கள் வாசிப்பவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், அதாவது வாசிப்பவர் கூட்டத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். மெல்லிய முகில் இருந்தால் இன்னும் பொருத்தம். வானம் முழுக்க மூடிவிட்டால் இதை விட்டுவிடுங்கள். கருத்த வானத்தைக் காட்டி ‘என்னடீ இந்த வண்ணத் தியல்புகள்!’ என்றால் கூட்டம் சிரிக்கும்.

உள்ளே வந்ததும் தமிழ்த்தாய் வாழ்த்து. இதை ஒலிப்பதிவில் போடாமல் பயிற்சி பெற்ற இருவரைப் பாடச் சொல்லுங்கள். 2021 அரசாணைப்படி அது மாநிலப் பாடல். 55 வினாடியில் முடிய வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு.

அடுத்து ஊர்க்கதை. ‘கனவு’ என்ற சுயசரிதைக் கவிதையில் பிள்ளைப் பருவமும், தந்தையின் வீழ்ச்சியும், ஆங்கிலப் படிப்புக்கு அனுப்பப்பட்ட கசப்பும் வருகின்றன. ‘செலவு தந்தைக்கோ ராயிரஞ் சென்றது; தீதெனக்குப் பல்லாயிரஞ் சேர்ந்தன’ என்ற பகுதியைச் சேர்த்து 5 நிமிடத்துக்குத் தொகுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் ‘சின்னச் சங்கரன் கதை’. ஒரு ஜமீன்தாரையும் அவரைச் சுற்றியிருக்கும் புலவர் கூட்டத்தையும் கிழித்துத் தொங்கவிடும் உரைநடை; முற்றுப்பெறாதது. சமஸ்தானம் இருந்த ஊரிலேயே அதை வாய்விட்டுப் படிப்பதில் ஒரு தனி ருசி. சிரிக்காமல் படிக்கத் தெரிந்த, ஊர்ப் பேச்சு வாய்த்த ஒருவரிடம் கொடுங்கள். 8 நிமிடம் தாங்கும்.

உடனே அதற்கு நேரெதிராகச் சீட்டுக்கவி, அதாவது பாட்டாக எழுதிய கடிதங்கள். புதுச்சேரியிலிருந்து வெளியேறிக் கடையத்தில் முடங்கியிருந்த பாரதி, 1919-இல் எட்டயபுரம் அரசருக்கு ஆதரவு கேட்டு எழுதியவை. ‘சுவைபுதிது, பொருள்புதிது, வளம்புதிது’ என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அது கையில் காசில்லாதவர் எழுதிய விண்ணப்பத்தில் வரும் வரி. படிப்பவர் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் படித்தால் போதும், விளக்கவுரை வேண்டாம். சாலுவை, பொற்பை, ஜதிபல்லக்கு எல்லாம் அதில் கேட்கிறார். நம் மேடைகளில் சால்வை மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

‘தேடிச் சோறு நிதந்தின்று’ யாராவது சொல்லாமல் விடப்போவதில்லை. சொல்லட்டும். ஆனால் ‘வீழ்வே னென்றுநினைத் தாயோ?’ என்று கையை உயர்த்திக் கைதட்டல் வாங்கிவிட்டு இறங்கவிடாதீர்கள். அடுத்த வரி ‘நின்னைச் சிலவரங்கள் கேட்பேன்’. அங்கிருந்து அது வேண்டுதலாக மாறி, ‘மதிதன்னை மிகத்தெளிவு செய்து, என்றும் சந்தோஷங் கொண்டிருக்கச் செய்வாய்’ என்று பணிகிறது. முதல் பாதியை உரத்தும் இரண்டாம் பாதியைத் தாழ்ந்த குரலிலும் சொல்லப் பழக்குங்கள். நடுவில் கைதட்டல் வந்தால் நிற்காமல் தொடரச் சொல்லுங்கள், கூட்டம் தானாக அடங்கும்.

இதையெல்லாம் கடந்தபின் பாஞ்சாலி சபதத்தின் இறுதிப் பகுதி: ‘இது பொறுப்பதில்லை, தம்பி! எரிதழல் கொண்டுவா’ என்று வீமன் வெடிப்பதிலிருந்து சபதம் முடியும் வரை. மூன்று குரல்களுக்குப் பிரித்து 12 நிமிடம். சிந்து மெட்டு தெரிந்த ஒருவர் இடையிடையே பாடினால் இதற்கு வேறு இசையே வேண்டாம்.

வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் 16 புள்ளி எழுத்தில் அச்சிட்ட தாள் கொடுங்கள். சீர் பிரித்து, மூச்சு விடும் இடத்தில் கோடு போட்டு, பக்க எண் எழுதி, அட்டையில் கிளிப் போட்டு. செல்பேசியைப் பார்த்துப் படிக்கும் முகம் நீலமாகத் தெரியும், நடுவில் அழைப்பு வரும், உரு நகர்ந்து வரி தவறும். பாடத்தை எங்கோ வந்த குறுஞ்செய்தியிலிருந்து எடுக்காதீர்கள். பாரதி எழுதாத கவிதைகள் அவர் படத்தோடு நிறையச் சுற்றுகின்றன. நல்ல தொகுப்பொன்றில் அந்தக் கவிதை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் நீக்கிவிடுங்கள். சீனி. விசுவநாதன் தொகுத்த காலவரிசைப் பதிப்பு கையில் கிடைத்தால் எந்த ஆண்டில் எழுதியது என்பதும் சேர்ந்து கிடைக்கும்.

பாட்டு

நாலு பாட்டு போதும். ‘காக்கைச் சிறகினிலே நந்தலாலா’, ‘சின்னஞ்சிறு கிளியே’, பிள்ளைகளுக்கு ‘ஓடி விளையாடு பாப்பா’, முடிவில் எல்லோரும் சேர்ந்து பாட ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’. 1947 ஆகஸ்ட் 15-இல் டி.கே. பட்டம்மாள் வானொலியில் பாடிய பாட்டு என்பதால் மூத்தவர்களுக்கு அது வாயிலேயே இருக்கும். பாரதி பல பாடல்களுக்கு ராகமும் தாளமும் குறித்திருக்கிறார் என்பதைப் பாடுபவர்களிடம் சொல்லுங்கள். ‘சின்னஞ்சிறு கிளியே’ இப்போது ராகமாலிகையாகத்தான் காதில் விழுகிறது. நூலில் இருப்பது பைரவி, ரூபகம். அப்படிப் பாடத் துணியும் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பாரதியின் சொற்களுக்கு உரிமைத் தொகை யாருக்கும் தர வேண்டியதில்லை. 1949-லேயே அரசு அவர் எழுத்துகளின் உரிமையைப் பெற்றுவிட்டது, பின்னர் அது மக்களுக்கே பொதுவானது. சினிமா மெட்டுக்கு அப்படியில்லை. படத்தில் வந்த மெட்டில் மேடையில் பாடுவதற்கும் கரோக்கி ஓட்டுவதற்கும் உரிமம் வேண்டும். இணையத்தில் ஏற்றிய காணொளியின் ஒலி பாதியில் அணைக்கப்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஒலி, விளக்கு

200 பேருக்கு 12 அங்குல ஆக்டிவ் ஸ்பீக்கர் இரண்டு போதும். தலைக்கு மேலே போகும்படி 7 அடி உயரத் தாங்கியில், மேடைக்கு முன்னால், கூட்டத்தை நோக்கி. மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வந்தால் கூவும். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் கூம்புக் குழாய் வேண்டவே வேண்டாம், அதில் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகிவிடும். மண்டபத்துக்குள் நடத்த நேர்ந்தால் எதிரொலிதான் பகை. ஒலியைக் கூட்டினால் இன்னும் குழம்பும். ஒலியைக் குறைத்து, பாஸைக் குறைத்து, தரை முழுக்க ஜமக்காளம் விரித்து, ஸ்பீக்கர்களைக் கூட்டத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். வாசிப்பவர் அடிக்கு அடி ஒரு மூச்சு நிறுத்தினால் முந்தின சொல்லின் ஒலி அடங்கிய பிறகு அடுத்தது வரும். மைக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளி, மோவாய்ப் பக்கம் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் ‘ப’கரம் வரும்போது வெடிக்காது.

இரண்டு ஸ்பீக்கர், மிக்சர், 50 வாட் எல்.இ.டி. விளக்கு ஆறு எல்லாம் சேர்ந்தாலும் 2 கிலோவாட்டைத் தாண்டாது. 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளம். அதைக் காற்று அடித்துப் போகும் திசையில், குறைந்தது 30 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டீசல் புகையும் உறுமலும் கூட்டத்துக்குள் வந்தால் கண்ணம்மா பாட்டு எடுபடாது.

குத்துவிளக்கு ஏற்றும்போது ‘அக்கினிக்குஞ்சொன்று கண்டேன்’ சொல்வது நல்ல பொருத்தம். விளக்குகளை அணைத்து, ஒரே சுடரில், ஐந்தே வரி. கார்த்திகைக் காற்றில் திரி பற்றாமல் சிறப்பு விருந்தினர் ஏழு தீக்குச்சி கிழிக்கும் காட்சி நேராதிருக்க, திரியை அரைமணி முன்பே நல்லெண்ணெயில் ஊறவைத்து, நுனியில் கற்பூரத்தூள் தொட்டு வையுங்கள். காற்று பலமாக இருந்தால் அரிக்கேன் விளக்கே நல்லது.

முண்டாசும் மீசையும்

பிள்ளைகள் பாரதி வேடத்தில் வருவார்கள், தடுக்க வேண்டாம். 6 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு இரண்டரை மீட்டர் மல் துணி, கஞ்சி போடாதது. பாலியஸ்டர் வழுக்கும். ஒரு முழம் பின்னால் தொங்க விட்டு, மீதியை நெற்றியில் குறுக்காகச் சுற்றி, கடைசி முனையைப் பக்கவாட்டில் செருகி, உள்பக்கமாக ஊக்கு குத்துங்கள். காது மூடக் கூடாது, மூடினால் முறை வந்ததும் கூப்பிடுவது கேட்காது. ஒட்டு மீசை தும்மினால் பறந்துவிடும், கண்மை வியர்வையில் இழுகும். புருவப் பென்சிலால் வரைந்து மேலே கொஞ்சம் பவுடர் ஒற்றினால் இரவு வரை நிற்கும். பிள்ளைகளின் முறையை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் தூக்கம் வரும்.

சால்வையும் சிறப்புரையும்

சால்வை போட்டே ஆக வேண்டுமென்றால் 5.45 வாசிப்புக்கு முன்பே, தேநீர் நேரத்தில் முடித்துவிடுங்கள். சிறப்புரை ஒன்று, 15 நிமிடம். 12-ஆவது நிமிடத்தில் சீட்டு கொடுக்க, பேச்சாளருக்குக் கூச்சப்படாத ஒருவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். விருந்தினர் தாமதமானால் காத்திருக்காதீர்கள். கவிதை வாசிப்பை முன்னால் தள்ளி, அவர் வந்ததும் இடைவெளியில் பேச்சை வையுங்கள். நன்றியுரைக்கு 2 நிமிடம். பெயர்ப் பட்டியலை அச்சிட்டு நுழைவாயிலில் ஒட்டிவிட்டால் அதுவும் சுருங்கும்.

சுண்டல், சுக்குக் காபி, கடலை மிட்டாய்

200 பேருக்கு 10 கிலோ கொண்டைக்கடலை. முந்தின இரவே ஊற வேண்டும், 10 மணி நேரத்துக்குக் குறையாமல். மாலைச் சுண்டல் கெடுவது தேங்காயால்தான்; பரிமாறும் அரைமணிக்கு முன் துருவிச் சேர்த்தால் போதும். தொன்னையில் கொடுத்தால் குப்பை லேசாகும். சுக்குமல்லிக் காபி 20 லிட்டர்: சுக்கு 200 கிராம், மல்லி 400 கிராம், கருப்பட்டி 3 கிலோ. கருப்பட்டியைத் தனியாகக் காய்ச்சி வடிகட்டிச் சேருங்கள், இல்லாவிட்டால் அடியில் மண் கடிக்கும். இரண்டையும் 5 மணிக்கே கொடுத்துவிடுங்கள்.

கோவில்பட்டி 15 கிலோமீட்டர்தான், ஆகவே கடலை மிட்டாய் வாங்காமல் இருக்க மாட்டீர்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஆனால் அதை முடிந்து போகும்போது வாசலில் கொடுங்கள். முன்பே கொடுத்தால் சீட்டுக்கவி நடுவே 200 வாய் கறுக்முறுக்கென்று கடிக்கும், காகிதம் சரசரக்கும்.

முன்னால் ஒரு நடை, பின்னால் பேருந்து

வெளியூரிலிருந்து வருபவர்களை 3.30-க்கே வரச் சொல்லி, ஊரைச் சுற்றிக் காட்டலாம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய இடமும், 1835-இல் இங்கே மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடமும் இதே ஊரில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு பாரதி வீடு, அங்கிருந்து மணிமண்டபம். வயதானவர்களுக்கு ஆட்டோ பேசிவையுங்கள். சிறு கூட்டம் வீட்டுக்குள் போகும்போது மற்றவர்கள் வெயிலில் நிற்காதபடி, பாதிப் பேரை முதலில் தீட்சிதர் பக்கம் அனுப்புங்கள்.

ரயிலுக்குக் கோவில்பட்டி நிலையம்தான் பக்கம். 8 மணிக்கு நாட்டுப்பண்ணோடு முடித்தால் 8.20-க்குள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடலாம். இரவுப் பேருந்து நேரங்களை அந்த வாரமே நிலையத்தில் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி மேடை ஓரம் வையுங்கள், அல்லது கோவில்பட்டி வரை ஒரு வேன் பேசிவிடுங்கள். கடைசிப் பேருந்து கவலை வந்தவர் 7.30-லிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பாஞ்சாலி சபதம் அவர் காதில் ஏறாது. ஏற்பாட்டாளர்களில் நாலு பேர் மட்டும் தங்கி, ஜமக்காளத்தை உதறி, சிந்திய எண்ணெயைச் சாம்பல் போட்டுத் துடைத்து, காவலாளியை உடன் வைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றிப் பார்த்து, சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மனுவோடு அந்தத் தாளின் நகலை இணைத்தால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும்.